யத்தீமுக்கு இங்கிலீஷில் என்ன

பாதுஷாவுக்கு இங்கிலீஷ் வரும் என்பது மதுரை காஜிமார் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவன் விடமாட்டான். டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை அவனுக்கு. வெள்ளைக்காரத் துரைசானி யாராவது படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை என்று கேட்டு வந்தால் முதலாளி உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுப்பார். இவன் கஜக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எஸ் மேடம், குட் கிளாத் மேடம், கலர் நோ கோயிங் மேடம்" என்று ஆரம்பித்துவிடுவான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கிறதற்கு முன்னால் அன்றைக்குப் பேசின அம்புட்டு இங்கிலீஷையும் ஒருதரம் பேசிக் காட்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அவனுடைய அக்கா ஜெயினம்புவுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமை தாங்காது. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அல்லவா. அவனுக்கு வந்த இங்கிலீஷ் தனக்கே வந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. அந்த இங்கிலீஷால் அவள் என்ன பாடுபட்டாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்காகப் பாதுஷாவை யாரும் திட்ட வேண்டாம். அவன் சொன்ன சொல் சரியான சொல்தான்.

முப்பத்தாறாம் வருஷம் ஜெயினம்புவின் புருஷன் பீர் முகமது காய்ச்சலில் படுத்தார். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அடுப்பனலில் நின்று நின்று உடம்பே கருத்துப்போன மனுஷர். ஒரு வாரங்கூடத் தாங்கவில்லை, மௌத்தாகிவிட்டார். ஜெயினம்பு ஆறு வயது மகள் ஆரிபாவைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து இத்தா உட்கார்ந்தாள்.

இத்தா என்றால் புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது. அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. வாசற்படி தாண்டக்கூடாது. பாதுஷாவின் வீடோ ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும். அறையின் குறுக்கே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்கு உட்புறம் அவள் இருந்தாள். பிள்ளை மட்டும் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தது.

பாதுஷாவின் மனைவி மெஹருன்னிசாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கும் நாலு பிள்ளைகள். பானை எவ்வளவோ அவ்வளவுதான் அவளாலும் போட முடியும். ஆனால் ஒருநாள் மத்தியானம் திரையின் ஓரமாக ஜெயினம்பு பார்த்துவிட்டாள். மெஹருன்னிசா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் வேணுமாடி?" என்று கேட்டபோது, ஆரிபா தட்டைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தைத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு, "போதும் மாமி" என்றது. ஆறு வயதில் ஒரு பிள்ளை எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பசியைத் தீர்மானிக்கக் கற்றுக்கொண்டால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

அந்த நேரத்தில்தான் பாதுஷா அந்தச் சேதியைக் கொண்டு வந்தான். திரைக்கு இந்தப்புறம் உட்கார்ந்தபடி சொன்னான்.

"அக்கா, நம்ம கடைக்கு ஒரு மிஸ்ஸியம்மா காடாத்துணி வாங்க வருவாக. கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முந்தி, திருச்சி ரோட்டுல பொட்டப் புள்ளைகளுக்கு ஒரு விடுதி வச்சிருக்காக. சோறு, துணி, படிப்பு எல்லாம் அவுக பொறுப்பு. நம்ம ஆரிபாவ அங்க விட்டா என்ன?"

"அவுக வேதத்துல சேத்துருவாகடா."

"அதெல்லாம் கேட்டுட்டேன். அவுக அவுக தொழுகை அவுக அவுகளுக்குன்னுட்டாக. நம்ம ஆளுக புள்ளையும் ரெண்டு மூணு இருக்காம்."

முஸ்லிம் பிள்ளைகளை எடுத்து வளர்க்கிற யத்தீம்கானா எங்கேயாவது உண்டா என்று ஜெயினம்புவும் திரைக்குள் இருந்தபடியே அக்கம்பக்கத்துப் பெண்களிடம் விசாரித்துத்தான் பார்த்தாள். விசாரித்த இடத்திலெல்லாம் ஆண்பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் ஒரு மத்தியானம் வந்தது. மறுபடியும் ஆரிபா, "போதும் மாமி" என்றது. ராத்திரி ஜெயினம்பு தம்பியைக் கூப்பிட்டாள்.

"கூட்டிட்டுப் போ. போன உடனே யத்தீம் புள்ளன்னு சொல்லிரு. அதத்தான் மொதல்ல சொல்லணும்."

யத்தீம் என்றால் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. தாய் உயிரோடு இருந்தாலும் யத்தீம் யத்தீம்தான். அந்தச் சொல்லுக்கு அவர்கள் தெருவில் ஒரு மரியாதை உண்டு. யத்தீமின் தலையைத் தடவிக்கொடுத்தால் நன்மை. யத்தீமை விரட்டினால் போகிற இடம் நரகம். இப்படிக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் ஜெயினம்பு. வெள்ளைக்காரியாக இருந்தால் என்ன, அந்தச் சொல்லைக் கேட்டால் மனசு இளகாமல் போகுமா என்று நினைத்தாள்.

பாதுஷாவுக்கு ஒரு சிக்கல். யத்தீமுக்கு இங்கிலீஷில் என்ன என்று அவனுக்குத் தெரியாது. துணிக்கடையில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லையே. மறுநாள் கடைக் கணக்குப்பிள்ளை பாலசுந்தரத்திடம் கேட்டான். அவர் சௌராஷ்டிரக்காரர், மெட்ரிகுலேஷன் வரை படித்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆர்பன்" என்றார். பாதுஷா, ஆர்பன், ஆர்பன் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

ஜெயினம்பு திரைக்குள்ளேயே மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி விட்டாள். "மாமாகூடப் போ. நான் பின்னாடியே வந்து பாக்குறேன்" என்றாள். "எப்ப?" என்று கேட்டது பிள்ளை. "இத்தா முடிஞ்சதும்" என்றாள். அது என்னவென்று ஆறு வயதுக்கு என்ன புரியும்? தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பக்கூட அவளால் முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பாதுஷா தனியாகத் திரும்பி வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"ஒரே வார்த்தைதான்க்கா. 'ஷீ ஆர்பன் மேடம்'னேன். அதுக்கு மேல ஒண்ணுமே கேக்கல அந்தம்மா. கண்ணு கலங்கிருச்சு. புள்ளயத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு உள்ள போயிட்டாக."

ஜெயினம்பு அழுதுகொண்டே சிரித்தாள். சொல் எந்தப் பாஷையில் போனாலும் அதன் பரக்கத்தும் அருளும் கூடவே போயிருக்கிறது என்று நினைத்தாள்.

இத்தா முடிந்தது. குளித்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஒரு தூக்குவாளியில் வெல்லப் பணியாரம் எடுத்துக்கொண்டு தம்பியோடு பஸ் ஏறினாள். மேலூர் தாண்டியதும் வயலும் கண்மாயும் கிழக்கே மலைப்பாறைகளுமாக வந்தது. இத்தனை நாள் நாலு சுவருக்குள் கிடந்தவளுக்கு எல்லாமே கண்ணைக் கூசச் செய்தது. எதையும் அவள் பார்க்கவில்லை. போனதும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும், தூக்குவாளியைப் பிடுங்கும் என்பதையே நினைத்துக்கொண்டு போனாள்.

விடுதி வாசலில் ஒரு டீச்சரம்மா நின்றிருந்தாள். பெயர் ராதாமணி. மதுரைக்காரிதான், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம்.

"ஆரிபாவப் பாக்கணும்" என்றாள் ஜெயினம்பு. "நான் அவ அம்மா."

ராதாமணி டீச்சர் அவளைப் பார்த்தாள். பாதுஷாவைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"ஆரிபாவுக்கு அம்மா இல்லையேம்மா" என்றாள்.

ஜெயினம்புவுக்கு முதலில் விளங்கவில்லை. வேறு ஆரிபா யாரும் இருக்கிறாளோ என்று நினைத்தாள். டீச்சர் அவர்களைப் புங்கமரத்து நிழலுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்துத் தணிந்த குரலில் சொன்னாள். இந்த விடுதியில் தாயும் தகப்பனும் இரண்டு பேருமே இல்லாத பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சீமையில் யாரோ ஒருவர் பணம் அனுப்புகிறார். அவர்களுக்கு மிஸ்ஸியம்மா இந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்று எழுதுகிறாள். தாய் இருக்கிற பிள்ளையைத் தாயோடு அனுப்பிவிடுவதுதான் இங்கே வழக்கம்.

"கணக்குப்பிள்ளைகிட்டக் கேட்டுத்தாங்க சொன்னேன்" என்றான் பாதுஷா. அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. "யத்தீம்னா ஆர்பன்தானங்க."

"ஆர்பன்தான். தப்பில்லை. ஆனா ஆர்பன்னு சொன்னா ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னுதான் மிஸ்ஸியம்மா எடுத்துக்குவாங்க. வேற கேள்வியே வராது. கேட்டா புள்ள மனசு நோகும்னு கேக்கவும் மாட்டாங்க."

"எம் புள்ள சொல்லலியா?" என்று கேட்டாள் ஜெயினம்பு. "அம்மா இருக்கான்னு அவ வாயத் தொறந்து சொல்லலியா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னா. வந்த அன்னைக்கே சொன்னா. அம்மா உள்ள இருக்கா, திரைக்குள்ள இருக்கா, வெளிய வரமாட்டான்னா. புதுசா வர்ற புள்ளைக நெறையப் பேரு இப்படித்தாம்மா சொல்லும். அம்மா தூங்குறா, அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு. நாங்கதான் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துச் சொல்லுவோம். மிஸ்ஸியம்மா மடியில வச்சுக்கிட்டு, அம்மா ஆண்டவன்கிட்டப் போயிட்டாங்க, இனிமே வரமாட்டாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு நாள் சாப்பிடல. அழுதுகிட்டே கிடந்தா. அப்புறம் சரியாயிட்டா."

ஐயோ, அந்தச் 'சரியாயிட்டா'வைத்தான் ஜெயினம்புவால் தாங்க முடியவில்லை. தான் செத்துப்போனதற்குத் தன் பிள்ளை அழுது, அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தும் விட்டது. புருஷன் செத்ததற்காக அவள் அறைக்குள் துக்கம் காத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், இங்கே அவளுக்காக ஒரு பிள்ளை துக்கம் காத்திருக்கிறது.

ஆரிபாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஓடி வரவில்லை. துப்பட்டியைக் கண்டதும் நின்றுவிட்டது. ஜெயினம்பு முகத்தைத் திறந்து, "ஆரிபா" என்றாள். பிள்ளை பின்வாங்கிப் போய் டீச்சரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. செத்தவர்கள் எழுந்து வந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

"தொட்டுப் பாரு கண்ணு" என்றாள் ஜெயினம்பு. "நான்தான். தொட்டுப் பாரு."

வெகுநேரம் கழித்து ஆரிபா வந்து ஒரு விரலால் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு முழுக்கையையும் வைத்தது. பிறகு மடியில் ஏறி, அவள் கழுத்தை நெரிக்கிற மாதிரி கட்டிக்கொண்டது. கொஞ்சம் அமைதியானதும் பணியாரத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றைத் தின்றுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னொண்ணு" என்று கை நீட்டியது பிள்ளை. கன்னத்தில் சதை போட்டிருந்தது. காலில் இருந்த சொறியெல்லாம் ஆறியிருந்தது. ஜெயினம்பு அதையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள்.

மிஸ்ஸியம்மா தாழ்வாரத்திலிருந்து இறங்கி அவர்களை நோக்கி நடந்து வந்தாள்.

"என்னம்மா சொல்லட்டும்?" என்றாள் ராதாமணி டீச்சர் அவசரமாக. "அம்மான்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிறணும். அந்த எடத்துக்கு வேற புள்ள காத்துக்கிட்டு இருக்கு. நீங்க சொல்றதுதான். நான் எதுவானாலும் சொல்றேன்."

யோசிக்க நேரமில்லை. தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? மடியில் கிடந்த பிள்ளை கனத்தது. தம்பி வீட்டில் அது இப்படிக் கனக்காது.

"சாச்சின்னு சொல்லுங்க" என்றாள் ஜெயினம்பு.

சாச்சி என்றால் அம்மாவின் தங்கை. டீச்சர் இங்கிலீஷில் சொன்னாள். மிஸ்ஸியம்மா சந்தோஷப்பட்டு, இரண்டு கைகளாலும் ஜெயினம்புவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கடைக்காரத் தம்பி கொண்டுவந்து விட்ட இந்தப் பிள்ளைக்கும் ஒரு சொந்தம் இருக்கிறதே என்று அந்த நல்ல மனுஷிக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

மறுநாள் பாதுஷா கணக்குப்பிள்ளை பாலசுந்தரத்திடம் போய்ச் சண்டை போட்டானாம். அவர் பாவம், கனமான அகராதி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து விரித்துக் காட்டி, "சரியாத்தானேப்பா சொன்னேன்" என்றாராம். தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளை என்று போட்டிருந்ததாம். சில இடங்களில் ஒருவரை இழந்த பிள்ளையையும் சொல்வதுண்டு என்றும் போட்டிருந்ததாம். அதற்குப் பிறகு பாதுஷா துரைசானிகளிடம் துணியை விரித்துக் காட்டுவதோடு சரி. வீட்டில் சோற்றுக்கு முன்னால் அவன் இங்கிலீஷ் பேசிக் கேட்டவர் யாருமில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பார்க்கலாம். ஜெயினம்பு ஒரு மாதமும் தவறவில்லை. பகலெல்லாம் வீடு வீடாகப் போய் நெல் குத்தினாள், தொப்பி தைத்தாள், நெசவுக்காரர் வீடுகளில் நூல் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியோடு பஸ் ஏறினாள். முதல் மாதமே மகளைக் கிணற்றடிக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தாள்.

"இங்க எல்லாரு முன்னாடியும் என்னைய சாச்சின்னு கூப்பிடணும். நீயும் நானும் மட்டும் இருக்கப்ப அம்மா. சரியா?"

"எதுக்கு?"

"அப்பத்தான் இங்க இருக்கவிடுவாக."

பிள்ளை தலையாட்டியது. உடனே, யாருமில்லாத அந்தக் கிணற்றடியில், அம்மா அம்மா அம்மா என்று மூச்சுவிடாமல் சொல்லித் தீர்த்தது. அடுத்த மாதமும் அப்படித்தான். வந்தவுடன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடும். போகப் போகப் பிள்ளைக்குத் தோழிகள் வந்தார்கள். சாச்சி வந்தால் பணியாரம் வரும் என்று அவர்களும் கூடவே வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு மாதம் மழை. ஒரு மாதம் கிணற்றில் தூர் வாரினார்கள். எந்த மாதத்தில் அந்தக் கிணற்றடி 'அம்மா' நின்றது என்று ஜெயினம்புவுக்கே தெரியாது. கேட்டு வாங்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. பெருநாளைக்கு ஒரு தடவை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மெஹருன்னிசாவின் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, "சாச்சி, தண்ணி" என்றாள் ஆரிபா. மெஹருன்னிசா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஜெயினம்பு ஒன்றும் நடக்காத மாதிரி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அன்றைக்கு மெஹருன்னிசாதான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

நீ என்பது நீங்க ஆனது அதற்குக் கொஞ்சம் பின்னால். அம்மாவை நீ, வா, போ என்று பேசலாம். சாச்சியை அப்படிப் பேச முடியுமா?

விருந்தாளிகள் யாராவது வந்தால் மிஸ்ஸியம்மா பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, 'என் ஆர்பன்கள்' என்று சொல்லித் தோளைத் தட்டிக்கொடுப்பாள். பிள்ளைகள் பாட்டுப் பாடும். ஜெயினம்பு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். அது எங்கே எப்போது வந்தாலும் அவள் காதில் வந்து விழும்.

ஆரிபாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் செய்தியோடு வந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. எதையும் தோண்டித் துருவிப் பார்க்கிற குணம் அவளுக்கு.

"சாச்சி, ஆர்பன்ங்கிறது இங்கிலீஷே இல்லை, தெரியுமா? கிரேக்க தேசத்து வார்த்தையாம். அங்கேயிருந்து லத்தீனுக்கு வந்து, அப்புறம்தான் இங்கிலீஷ்காரங்க எடுத்துக்கிட்டாங்களாம். டீச்சரோட பெரிய அகராதியில இருந்துச்சு."

"அப்படியா? அங்க என்ன அர்த்தமாம்?"

"பறிகொடுத்தவங்கன்னு அர்த்தமாம். அந்தக் காலத்துல புள்ளைகளுக்கு மட்டும் இல்லையாம். புள்ளையப் பறிகொடுத்த பெத்தவங்களையும் அந்த வார்த்தையாலேயே சொல்லுவாங்களாம். பின்னாடிதான் அது புள்ளைகளுக்குன்னு ஆயிப்போச்சாம்."

ஜெயினம்பு தூக்குவாளியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"இப்ப பெத்தவங்களுக்கு என்ன வார்த்தை சொல்லுறாகளாம்?" என்று கேட்டாள்.

ஆரிபா யோசித்தாள். "பாக்கல சாச்சி. இருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றாள். பிறகு பாட்டுப் பயிற்சிக்கு மணி அடித்தது, எழுந்து ஓடிவிட்டாள்.

ஜப்பான் சண்டை வந்தது. பர்மாவிலிருந்து ஆட்கள் நடந்தே வந்து சேர்ந்த கதைகள் வந்தன. அரிசி ரேஷன் கார்டுக்குப் போனது. ஜெயினம்பு அதற்குள் ஒரு தையல் மிஷினைத் தவணைக்கு எடுத்து, தவணையை அடைத்தும் முடித்துவிட்டாள். முனிச்சாலைப் பக்கம் தனியாக ஒரு அறை எடுத்தாள். இரண்டு பேர் சாப்பிடலாம். இரண்டு பேர் படுக்கலாம். சண்டை முடிந்த மறுவருஷம் மிஸ்ஸியம்மா சீமைக்கே திரும்பிப் போகப் போகிறாள் என்று தெரிந்தபோது, இத்தனை காலம் செத்திருந்தது போதும் என்று ஜெயினம்புவுக்குத் தோன்றிவிட்டது. மகளுக்குப் பதினாறு வயது. வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் அந்த வெள்ளைக்கார மனுஷியின் முகத்தைப் பார்த்து, நான் பெற்றவள் என்று ஒரே ஒருதரம் சொல்லிவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

யாரிடமும் கலந்துகொள்ளவில்லை. நேராக மிஸ்ஸியம்மாவின் அறைக்குப் போனாள். பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. ராதாமணி டீச்சர் இருந்தாள். ஆரிபா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றாள் ஜெயினம்பு. "நான் சாச்சி இல்ல. பத்து வருசமாப் பொய் சொல்லிட்டேன். நான் ஆரிபாவைப் பெத்தவ."

டீச்சர் திகைத்து நின்றாள். மிஸ்ஸியம்மாவுக்கு டீச்சர் தேவைப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்கே தமிழ் நன்றாக வந்திருந்தது. அவள் மெல்ல எழுந்து, ஆரிபாவைப் பார்த்து, "ஆரிபா, இவங்க யார்?" என்று கேட்டாள்.

ஆரிபா புத்தகத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என் சாச்சி, மிஸ்ஸி. எங்கம்மா நான் சின்னப் புள்ளையா இருக்கப்பவே மௌத்தாயிட்டாங்க. நான் தூரமாப் போறேன்னதும் சாச்சிக்கு மனசு தாங்கல. என்னைத் தன் புள்ளையாத்தான் நெனச்சிருக்காங்க. அதான் இப்படிச் சொல்றாங்க."

மிஸ்ஸியம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் வந்து ஜெயினம்புவைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க தாய் மாதிரிதான்" என்றாள். "தாய் மாதிரியேதான்."

ஜெயினம்பு மகளைப் பார்த்தாள். ஆரிபாவின் கண்கள் அவளைக் கெஞ்சின. எதற்கென்று தெரியாவிட்டாலும் கெஞ்சுகிறது தெரிந்தது. "ஆமாங்க மிஸ்ஸியம்மா" என்றாள் ஜெயினம்பு. "ஆசையில சொல்லிட்டேன்."

ரோடு வரைக்கும் ஆரிபா கூட நடந்து வந்தாள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். ஆள் நடமாட்டம் இல்லை. மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்றதும் ஆரிபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் படிப்புக்கு எனக்கு எடம் வாங்கியிருக்காங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத பொண்ணுக்குன்னு ஒதுக்குன எடம் அது. நேத்துத்தான் தெரியும். நீங்க வந்ததும் சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க அங்க போயிட்டீங்க. படிச்சு முடிச்சா உங்களையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

"கோவம் எதுக்கு? நீ செஞ்சதுதான் சரி. நாந்தான் புத்தி இல்லாமப் பேசிட்டேன்" என்றாள் ஜெயினம்பு. உண்மையில் அவளுக்குக் கோபமே இல்லை. அன்றைக்குப் புங்கமரத்தடியில் தான் செய்ததைத்தான் இன்றைக்கு மகளும் செய்திருக்கிறாள். ஆனால் மனசு கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள்.

"இங்க யாருமில்ல" என்றாள். "ஒரே ஒருதரம் கூப்பிடு. அது போதும் எனக்கு."

ஆரிபாவுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தாள். உதடு சேர்ந்தது, பிரிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டதே தவிர, சொல் வரவில்லை.

"வரமாட்டேங்குது" என்றாள் கடைசியில். "நீங்கதான்னு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். ஆனா அந்த வார்த்தைய நெனச்சாலே எனக்கு வேற ஒருத்தங்கதான் வர்றாங்க. அன்னைக்குச் செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னாங்களே, அவங்க. ரெண்டு நாள் சாப்பிடாம அழுதேனே, அந்த அம்மா. அவங்க வேற, நீங்க வேறன்னு ஆயிப்போச்சு. நான் என்ன செய்யட்டும்?"

ஜெயினம்பு அவள் கண்ணைத் துப்பட்டி முனையால் துடைத்துவிட்டாள்.

"சரி, விடு. அழுகாத. விட்டுரு."

தூரத்தில் பஸ் வருகிற புழுதி தெரிந்தது. ஆரிபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ஒரு நாளும் நான் அவங்கள மறந்ததில்ல. ஒவ்வொரு தொழுகையிலயும் அவங்களுக்காகத் துஆ கேக்குறேன்."

"என்னன்னு கேப்ப?"

"அவங்க அடங்கியிருக்கிற கப்ர வெளிச்சமாக்கி வைக்கணும். மறுமையிலயாவது அவங்கள எனக்குக் காட்டணும்னு."

ஜெயினம்பு தூக்குவாளியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் ஏந்தி, "ஆமீன்" என்றாள்.